பிரஷர் 'பார்டர்'ல இருக்குன்னு சொன்னாங்க, இப்போ என்ன செய்யணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். காலை ஓ.பி. வரிசையில் வருகிறவர்களுக்கு டாக்டர் அறைக்குப் போகும் முன் பிரஷர் பார்ப்பது என் வேலை. 170, 180 என்று வந்தால், உடன் வந்தவர்களே பதறிப் போய் வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவார்கள். 134/86, 138/88, 142/90 என்று வருகிறவர்கள் கதை வேறு. "பார்டர்ல இருக்கு, உப்பைக் குறைங்க" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் சிலரை மூன்று நான்கு வருடம் கழித்து, ஒரு பக்கக் கை விழுந்த நிலையில் மறுபடி பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றை வரிக்குப் பிறகு அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும், தினமும் என்னிடம் கேட்கிற கேள்விகளும்தான் கீழே இருப்பவை.

எனக்கு 138/88 வந்தது. இது பிரஷரா, இல்லையா?

ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து 'ஆம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தூங்கும்போது குறையும், விடியலில் ஏறும், மாடிப்படி ஏறினாலோ யாரிடமாவது சத்தம் போட்டாலோ கூடும். அதனால் வேறு வேறு நாட்களில், முறையாகப் பார்த்த அளவுகளின் சராசரிதான் கணக்கு.

ஆனால் 138/88 என்பது 'ஒன்றுமில்லை' என்று விடக்கூடிய அளவும் இல்லை. சுமார் 10 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆபத்து 140-ஐத் தொட்ட பிறகு திடீரென்று ஆரம்பிப்பதில்லை என்று காட்டியது. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு 115/75-இலிருந்து மேல் எண்ணில் 20, கீழ் எண்ணில் 10 கூடும் ஒவ்வொரு படிக்கும், மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆக, 'பார்டர்' என்றால் இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் ஆபத்து என்று கோடு கிழித்த இடம் கிடையாது. மேட்டுச் சாலை மாதிரி, நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருக்கிறீர்கள்.

மேல் எண், கீழ் எண் என்றால் என்ன?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நொடியில் ரத்தக் குழாயின் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து அடுத்த துடிப்புக்கு நிரம்பும்போது குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டையும் பாதரச மில்லிமீட்டரில் சொல்கிறோம். இரண்டில் எது ஒன்று தொடர்ந்து கூடினாலும் கவனிக்க வேண்டும். "கீழ் பிரஷர்தான் முக்கியம், மேலே கூடினா பரவாயில்லை" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேல், மேல் எண்தான் அதிகம் பேசும்.

ஒரு டாக்டர் 130-க்கே பிரஷர் என்கிறார், இன்னொருவர் 140 வரை பயமில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் ஆளுக்கொரு வழிகாட்டியைப் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-இல் 130/80-லிருந்தே உயர் ரத்த அழுத்தம் என்று வரையறுத்தன. ஐரோப்பிய வழிகாட்டிகளும் நம் அரசுத் திட்டங்களும் 140/90-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அதனால் உங்கள் 134/84 அமெரிக்காவில் நோய், இங்கே 'பார்டர்'.

ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். 130-க்கும் 140-க்கும் நடுவில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு முதல் வைத்தியம் சாப்பாடும் நடையும்தான். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே வந்த மாரடைப்பு அல்லது பக்கவாதம், இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் அதே 134-ஐ டாக்டர் வேறு மாதிரி பார்ப்பார், மாத்திரையும் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். எனவே "எனக்கு 134" என்பதோடு "எனக்கு சுகர் இருக்கு", "அப்பாவுக்கு ஐம்பது வயசுல அட்டாக் வந்தது" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, நான் கோபப்படுகிற ஆளும் இல்லை. எனக்கு எப்படி பிரஷர் வரும்?

'ரத்தக் கொதிப்பு' என்ற பெயர் நம் ஜனங்களுக்குச் செய்த கெடுதல் இது என்று நான் நினைக்கிறேன். கொதிப்பு என்றதும் சூடு, படபடப்பு, கோபம் என்று மனசு போய்விடுகிறது. சாந்தமான மனுஷர்கள் தங்களுக்கு வராது என்று நம்பிவிடுகிறார்கள். ரத்தம் கொதிப்பதும் இல்லை, சூடாவதும் இல்லை. குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது, அவ்வளவே. பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியையும் காட்டாது. 160 இருந்தும் வயலில் நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. "இன்னைக்குத் தலை கனமா இருக்கு, பிரஷர் ஏறிடுச்சு போல" என்று தானாகவே ஒரு மாத்திரை கூடப் போடுகிறவர்கள். அளந்து பார்த்தால் 124/78 இருக்கும். உடம்பு சொல்வதை வைத்து பிரஷரை ஊகிக்க முடியாது. பட்டை கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் 148, வீட்டில் பார்த்தால் 128. எது நிஜம்?

இரண்டுமே நிஜமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வாசனை, வரிசை, வெள்ளைக் கோட்டு, 'என்ன சொல்வாரோ' என்ற பயம், இவற்றால் அங்கே மட்டும் கூடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் தொடர்ந்து சரியாக இருந்தால் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் நிஜமாகவே பிரஷர் நிலைத்துவிடுகிறது, அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான கூட்டம்தான் எனக்குக் கவலை. ஆஸ்பத்திரியில் 130, வீட்டிலோ வேலையிடத்திலோ 145. இரவு ஷிப்டு பார்க்கிறவர்கள், குறட்டை அதிகம் விடுகிறவர்கள், புகைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் அதிகம். வீட்டில் பார்க்காத வரை இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கணக்கை மறக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது வீட்டில் 135/85-க்குச் சமம். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம்தான்.

வீட்டில் எப்படிச் சரியாகப் பார்ப்பது?

இதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன மாதம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்து, உட்கார்ந்ததும் கையை நீட்டினார். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தது, அதன் மேலேயே கட்டச் சொன்னார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பாத்ரூம் போகவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். வந்தது 158/96. அவரைப் பாத்ரூமுக்கு அனுப்பி, சுவரோரம் சாய்வு நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, திரைக்குப் பின்னால் ரவிக்கைக் கையைத் தளர்த்திப் பார்த்தோம். 141/90. இடையில் மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதேதான். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, பீடி, சிகரெட், புகையிலை, வேகமான வேலை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், நிறைந்த சிறுநீர்ப்பை பிரஷரைக் கூட்டிக் காட்டும். முதுகு சாயும்படி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பட்டை வெறும் கையில் இருக்க வேண்டும், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். கை மடியில் கிடந்தால் தப்பு. இதயத்தின் மட்டத்துக்கு அரைச் சாண் தாழ்ந்தாலே எட்டு வரை கூட்டிக் காட்டும். மெஷின் ஓடும்போது பேசாதீர்கள், டி.வி.யை அணையுங்கள், பேரன் பேத்தியிடம் பதில் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ராத்திரி படுப்பதற்கு முன் அதேபோல் இரண்டு தடவை. இப்படி ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிடுங்கள், புது மெஷின் பதற்றத்தில் அது கூடத்தான் இருக்கும். மிச்சம் ஆறு நாளைக்கு 24 அளவுகள் வரும். அவற்றைக் கூட்டி 24-ஆல் வகுத்தால் உங்கள் சராசரி.

அந்த அக்கா நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு நாள் இப்படி இருந்தது: காலை 142/90, 138/88, ராத்திரி 136/84, 132/82. அந்த நாளின் சராசரி 137/86. ஏழு நாளும் ஏறக்குறைய அதையே சொன்னது. முதல் நாள் வந்த 158-ஐ வைத்துப் பயமுறுத்தியிருந்தாலும் தப்பு, இரண்டாவது வந்த 141-ஐப் பார்த்து 'பார்டர்தான், போங்க' என்று அனுப்பியிருந்தாலும் தப்பு. வீட்டு எல்லையான 135/85-ஐ அவர் மெல்லத் தாண்டியிருக்கிறார் என்பதுதான் உண்மை.

இன்னொன்று. கூடுதலாக வந்த அளவை அழித்துவிட்டு, குறைந்த அளவை மட்டும் எழுதாதீர்கள். டாக்டரைச் சந்தோஷப்படுத்த நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். நஷ்டம் உங்களுக்குத்தான்.

எந்த மெஷின் வாங்கலாம்?

மேற்கையில் பட்டை கட்டும் தானியங்கி மெஷின். மணிக்கட்டில் கட்டுவது கையின் உயரம் கொஞ்சம் மாறினாலும் எண்ணை மாற்றிவிடும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் பிரஷரை நம்பி மாத்திரை விஷயத்தில் முடிவெடுக்க வேண்டாம். வாங்கும்போது பட்டையின் அளவை முக்கியமாகப் பாருங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் உண்மையைவிடக் கூடுதலாக வரும். மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், பட்டை எந்தச் சுற்றளவுக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். வாங்கிய பிறகு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்து எங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் வாங்க வசதியில்லை என்றால் அதற்காக விட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊருக்குள்ளேயே தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டிலேயே கொடுக்கவும் செய்கிறார்கள். அவர்கள் வரும்போது "வேலையா இருக்கேன், அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

இரண்டு கையிலும் வேறு வேறு எண் வருகிறது.

கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. முதல் முறை இரண்டு கையிலும் பாருங்கள், எதில் கூட வருகிறதோ அந்தக் கையிலேயே இனி எப்போதும் பாருங்கள். மேல் எண்ணில் வித்தியாசம் தொடர்ந்து 10, 15-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்? நாங்கள் ஏற்கெனவே கம்மியாகத்தான் போடுகிறோம்.

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு: உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் மட்டத்துக்குள் என்று சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். புதுப் பாக்கெட் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் தலைக்கு 10 கிராம், அதாவது இரண்டு மடங்கு. ஊறுகாய் போடவும் மீன் கழுவவும் எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடையில் வாங்கிச் சாப்பிட்ட மிக்சர், பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ், பரோட்டா சால்னா எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் சாப்பாட்டில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு நாட்டுக்காரர்களுக்குச் சொல்வது போல் இருக்காது. அங்கே டப்பா உணவு. நமக்கு சமையலறையே. சோறு வடிக்கும்போது ஒரு கை, சாம்பாரில் ஒரு கை, ரசத்தில், பொரியலில், அப்புறம் மோரில், அதற்குத் தொட்டுக்க ஊறுகாய். அப்பளத்தில் உப்போடு சோடியம் சேர்ந்த அப்பளக் காரமும் இருக்கிறது. மோர் மிளகாய், வத்தல், கருவாடு எல்லாமே உப்பிலேயே பதப்பட்டவை. பழைய சோறும் கருவாடும் எவ்வளவு ருசி என்று எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் அதுதான் சாப்பாடு. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. தினமும் என்பதை வாரத்துக்கு ஒருநாள் ஆக்குங்கள், கருவாட்டை வெந்நீரில் நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக் கழுவுங்கள், அன்றைக்கு ஊறுகாய் வேண்டாம்.

குறைப்பதற்கு எளிய இடம் வடிக்கும் சோறு. குழம்பில் உப்பு இருக்கும்போது சோற்றுக்கு எதற்கு? அடுத்தது மோர். உப்புக்குப் பதில் கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப் போட்டுப் பாருங்கள். மேசையில் உப்பு ஜாடி வேண்டாம். முதல் இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருக்கும், வீட்டில் முணுமுணுப்பு வரும். பிறகு நாக்கு பழகிவிடும். அதற்கப்புறம் ஹோட்டல் சாப்பாடு உங்களுக்கே உவர்க்கும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் பத்து நாளில் நின்றுபோகும், மொத்த வீட்டுக்கும் ஒரே குழம்பாகக் குறைப்பதுதான் நிலைக்கும்.

இந்துப்பு, கல் உப்புக்கு மாறினால் போதுமா?

போதாது. தூள் உப்பு, கல் உப்பு, இந்துப்பு மூன்றும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். இந்துப்பு நல்லது என்று தாராளமாகப் போடுகிறவர்களுக்குப் பிரஷர் ஏறவே வாய்ப்பு அதிகம். அயோடின் சேர்க்காத உப்பு என்றால் அதையும் இழக்கிறீர்கள்.

சோடியத்தைக் குறைத்து பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனாலபிரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரும் அவர்களுக்கு இதே காரணத்தால் கேட்டுக் குடிக்க வேண்டியது.

நடந்தால் குறையுமா? எடையைக் குறைத்தால்?

இரண்டுக்கும் ஆம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் பிரஷரில் ஏறக்குறைய ஒரு எண் குறையும் என்பது நம்பத்தகுந்த கணக்கு. ஐந்து கிலோ இறக்கினால் 138 என்பது 133 ஆகலாம். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். "வீட்டு வேலையே நாள் முழுக்கச் செய்கிறேனே" என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் நின்றபடி சமைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் உடம்பைக் களைக்க வைக்குமே தவிர, இதயத்துக்கு அந்த வேகம் கிடைக்காது. அந்த அரை மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பது வீட்டில் மற்றவர்கள் பொறுப்பு.

குடிப்பவர்களுக்கு அதை விட்டாலோ குறைத்தாலோ எண் இறங்குவது கண்கூடாகத் தெரியும். குறட்டை பலமாக விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிக்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பிரஷர் இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

காபியை விட வேண்டுமா?

தேவையில்லை. நாளைக்கு இரண்டு டம்ளர் பழகியவர்கள் தொடரலாம். பிரஷர் பார்ப்பதற்கு முன் மட்டும் வேண்டாம்.

வேறு மாத்திரைகளால் பிரஷர் கூடுமா?

கூடும், இதை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் சில, ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகளும் அப்படியே.

அடுத்தது அதிமதுரம். தொண்டைக்கும் இருமலுக்கும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் சவைக்கிறவர்கள், கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. தொடர்ந்து எடுத்தால் அது உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். மருந்துப் பட்டியல் கேட்டால் இங்கிலீஷ் மாத்திரையை மட்டும் சொல்லாமல், கஷாயம், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

பூண்டும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டால் மாத்திரை வேண்டாமாமே?

கீரை, காய், பழம், பருப்பு, மோர் நிறைந்த சாப்பாடு பிரஷரைக் குறைக்கும், இதில் சந்தேகமே இல்லை. 1997-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் இப்படிப்பட்ட சாப்பாட்டால் உயர் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் 11 வரை குறைந்தது. ஆனால் அது முழுத் தட்டையும் மாற்றியதால் வந்த பலன். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, காலையில் இரண்டு பல் பூண்டு மட்டும் விழுங்கினால் அது நடக்காது. தட்டில் பாதி காய்கறி, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, வாழைத்தண்டோ கீரையோ தினமும் ஒன்று, என்று மாற்றுங்கள். டாக்டர் ஏற்கெனவே மாத்திரை எழுதியிருந்தால் இவற்றை நம்பி அதை நிறுத்தாதீர்கள்.

எப்போது மாத்திரை ஆரம்பிப்பார்கள்? ஒருமுறை ஆரம்பித்தால் விடவே முடியாதாமே?

140/90-க்கு மேல் நிலைத்துவிட்டால் பெரும்பாலும் மாத்திரை. அதற்குக் கீழே, வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் சாப்பாடு, நடை, எடை என்று முயன்று பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். அந்த ஆறு மாதம் சும்மா காத்திருக்கும் காலம் இல்லை. மாற்றத்தையும் செய்ய வேண்டும், எண்ணையும் எழுத வேண்டும். தொடங்கும் முன் ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், ஈ.சி.ஜி. பார்ப்பது வழக்கம்.

விடமுடியாதோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. மாத்திரை உங்களை அடிமையாக்குவதில்லை. பிரஷர்தான் நீண்ட நாள் சமாச்சாரம், மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணாடி போட்டால் பார்வை தெரிகிறது, கழற்றினால் மங்குகிறது, அதற்காகக் கண்ணாடிக்கு அடிமையானோம் என்று சொல்வதில்லையே. எடை நன்றாகக் குறைந்து, உப்பு குறைந்து, டாக்டரே அளவைக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள். 'நார்மல் ஆயிடுச்சு' என்று நீங்களே நிறுத்துவதுதான் ஆபத்து. மாத்திரை போட்டதால்தான் அது நார்மல்.

அம்லோடிபின் எடுத்தால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனாலபிரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். இவை வந்தால் வந்து சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு 72 வயது. மேலே 152, கீழே 70. கீழ் பிரஷர் நல்லாத்தானே இருக்கு?

வயதாக ஆகப் பெரிய ரத்தக் குழாய்கள் விறைத்துப்போகும். அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். கீழே 70 இருப்பதால் மேலே 152 சரியாகிவிடாது, இதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் வயதானவர்களுக்கு மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு உடையும் வாய்ப்பு இருக்கிறது. இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு 28 வயதுதான்.

சின்ன வயதில் பிரஷர் வந்தால் அலட்சியம் இன்னும் கூடாது. சிறுநீரகம், தைராய்டு, அட்ரீனல் சுரப்பி என்று காரணம் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய வயது இது. சில காரணங்களை முழுமையாகவே சரிசெய்ய முடியும்.

கர்ப்பமாக இருக்கிறேன், 142/92 வந்தது.

மேலே சொன்ன 'ஏழு நாள் பார்க்கலாம்' உங்களுக்கு இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 என்பது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தின் தொடக்கமாக இருக்கலாம். கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகம் வீங்குதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுக்கிறவர் கர்ப்பம் தரித்தால், அல்லது தரிக்கத் திட்டமிட்டால், உடனே சொல்லுங்கள். டெல்மிசார்டன், எனாலபிரில் போன்றவை கருவுக்குக் கெடுதல், மாற்ற வேண்டும்.

திடீரென்று 180/120 காட்டினால்?

உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வாய் கோணல், கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வைக் குறைவு இதில் ஏதாவது ஒன்று இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிகள் பிரஷர் குறைவாகக் காட்டும்போது வந்தாலும் 108-தான். எந்த அறிகுறியும் இல்லை, எண் மட்டும் கூடுதல் என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். முன்பெல்லாம் நாக்குக்கு அடியில் கேப்சூல் மருந்தைப் பிழிந்து சட்டென்று இறக்குவார்கள். அப்படித் திடீரென்று இறக்குவது மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும் என்பதால் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

சரி, அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?

120/80-க்குக் கீழே இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. 'பார்டர்' என்று சொல்லி அனுப்பியிருந்தால் இந்த வாரமே ஏழு நாள் கணக்கை ஆரம்பியுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் பாருங்கள். தினமும் பத்து தடவை பார்க்காதீர்கள், அந்தக் கவலையே எண்ணை ஏற்றும். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

நோட்டில் தேதி, நேரம், இரண்டு எண், நாடித் துடிப்பு, இவ்வளவு எழுதினால் போதும். அந்த இட்லிக் கடை அக்கா தன் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார். போன வாரம் நோட்டைத் திருப்பிக் காட்டினார். உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியும் அதே பக்கத்தில், ஓரமாகச் சிவப்பு மையில் இருந்தது.